இன்னொரு முறை எழுதுவதற்கு முன்

வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருள்) அப்கிரேடு ஓட்டுகிறீர்கள், பாதியில் 'ஃபெயில்டு' என்று வந்து நின்றுவிடுகிறது, அடுத்து என்ன செய்வீர்கள்? வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். விலான், பாண்டிங், பிஜிபி என்று எதைக் கேட்டாலும் சளைக்காமல் பதில் சொல்கிறார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே பதில். "ரீபூட் பண்ணிட்டு மறுபடி ஓட்டுவேன் சார்." அப்போதும் சரியாகவில்லை என்றால்? "ஃபோர்ஸ் ஆப்ஷன் இருக்குமே சார், அதைப் போட்டு ஓட்டுவேன்."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. இன்று நாம் தொடும் எல்லாமே இரண்டாம் முறை முயன்றால் சரியாகிவிடும்படி செய்யப்பட்டவை. ஆப் இறங்கவில்லையா, மறுபடி அமுக்கு. பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகவில்லையா, மறுபடி கமாண்டைக் கொடு. அந்தப் பழக்கம் விரலில் ஏறிவிட்டது. ஆனால் நெட்வொர்க் கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரில் 'மறுபடி' என்றால் ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பை இன்னொரு முறை அழித்து எழுதுவது. முதல் முறை என்ன தவறியது என்பதற்கான தடயம் அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்காமலே அதன்மேல் எழுதிவிட்டால், பிறகு கேட்க ஆளும் இல்லை, சாட்சியும் இல்லை. அப்கிரேடு தவறுவதால் செத்துப்போகும் கார்டுகளைவிட, தவறிய பிறகு பதற்றத்தில் செய்யும் இரண்டாவது காரியத்தால் செத்துப்போகும் கார்டுகள் அதிகம் என்பது என் பல வருட எண்ணம். அந்த எண்ணம் கெட்டிப்பட்டது ஓர் இரவில்.

அம்பத்தூர் ரேக்

அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டா சென்டரில் எங்கள் ரேக். நாங்கள் அவரவர் வீட்டிலிருந்து கான்ஃபரன்ஸ் காலில் இருந்தோம். விர்ச்சுவலைசேஷன் கிளஸ்டரில் இருக்கும் ஹோஸ்ட்களின் 10 ஜிகாபிட் கார்டுகளுக்குப் புது ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். சும்மா 'லேட்டஸ்ட்' ஆசைக்காகச் செய்த அப்கிரேடு அல்ல. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுப்பித்ததிலிருந்து, கார்டை ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு இணைக்கும் டிரைவரும் கார்டின் ஃபர்ம்வேரும் பொருந்தவில்லை என்று பூட் ஆகும்போதெல்லாம் லாக்கில் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. லோடு ஏறினால் ட்ரான்ஸ்மிட் க்யூ டைம் அவுட் ஆகி, போர்ட் கீழே போய் மேலே வந்தது. அதற்கு மருந்து இந்தப் புது ஃபர்ம்வேர்தான் என்று கார்டு கம்பெனியின் ரிலீஸ் நோட்டிலேயே போட்டிருந்தது.

விஎம்களை (ஹோஸ்ட் சர்வர்களில் ஓடும் மெய்நிகர் கணினிகளை) நகர்த்திவிட்டு ஒவ்வொரு ஹோஸ்டாக ஏற்றிக்கொண்டு வந்தோம். முதலில் போனவை எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தன. பிறகு ஒரு ஹோஸ்டில் எழுதும் சதவீதம் நூறைத் தொட்டது, அடுத்து கார்டை ரீசெட் செய்து சரிபார்க்கும் கட்டத்தில் கருவி உறைந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிழை எண்ணைக் கக்கிவிட்டு வெளியே வந்தது. மாட்டியிருக்கும் சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கமாண்டை அடித்துப் பார்த்தால் கார்டு இருந்த வரியில் 'ரெவ் எஃப்எஃப்'. விவரத்தைக் கேட்டால் 'அன்நோன் ஹெடர் டைப் 7எஃப்'. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அதற்கு அர்த்தம் எளிது. கார்டுகளைச் சர்வரோடு இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் ஒரு சாதனத்திடம் கேள்வி கேட்டு அது பதிலே சொல்லாவிட்டால், எல்லா பிட்டும் '1' ஆக, அதாவது எஃப்எஃப் என்றுதான் திரும்பி வரும். கார்டு பேசவில்லை, அவ்வளவுதான். ஃபிளாஷ் காலியாகிவிட்டதா, பாதியில் நிற்கிறதா, முழுசாக எழுதப்பட்டதா என்பதைப் பற்றி அந்த எஃப்எஃப் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

ரீபூட் செய்தோம். இப்போது கார்டு பட்டியலில் வந்துவிட்டது, பெயரும் சரியாக இருந்தது. ஆனால் டிரைவர் ஏற மறுத்தது. கார்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேரோடு பேச டிரைவர் ஒரு அட்மின் க்யூவைத் திறக்கும். அதற்குப் பதில் வரவில்லை என்று லாக் சொன்னது. சர்வரைத் தூரத்திலிருந்தே இயக்க உதவும் பிஎம்சி என்ற தனிச் சின்னக் கணினி வழியாகச் சர்வரை முழுக்க ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்தோம். அதே கதை.

இந்த இடத்தில் காலில் இருந்தவர்களின் குரல் மாறத் தொடங்கியது. இந்த வேலைக்கு ஒதுக்கிய விண்டோ முடிய இன்னும் நேரம் இருந்தாலும், மேனேஜர் அடிக்கடி மணி கேட்டார். சர்வர் கம்பெனியின் சப்போர்ட் ஆள், கார்டு போய்விட்டது, ஆர்எம்ஏ (பழுதானதைத் திருப்பி அனுப்பும் கோரிக்கை) போடுங்கள், மாற்றுக் கார்டு அனுப்புகிறோம் என்றார். எங்கள் குழுவில் ஒருவரிடம் வேறொரு யோசனை இருந்தது. சிப் தயாரித்த கம்பெனியின் பழைய கருவி ஒன்றை அவர் வைத்திருந்தார். அது கார்டின் ஃபர்ம்வேரிடம் எதுவும் கேட்காமல் ரெஜிஸ்டர் வழியாக நேராக ஃபிளாஷில் எழுதும். அடையாளம் பொருந்தவில்லை என்று தடுத்தாலும், அந்தத் தடையைத் தாண்ட ஒரு ஆப்ஷன் உண்டு. சிப் ஒன்றுதானே, பொதுவான இமேஜை ஏற்றிவிடலாம் என்றார். அவர் அனுபவசாலி. சொன்னதில் துணிச்சலும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் சரி என்றுவிட்டோம். கருவியுள்ள ஐஎஸ்ஓ ஃபைலைச் சர்வரில் மவுன்ட் செய்யும் வேலைகூடத் தொடங்கிவிட்டது.

நான் ஒரு காரியத்துக்காக மட்டும் நேரம் கேட்டேன். டேட்டா சென்டரில் இரவுப் பணியில் இருக்கும் ஆளை ரேக்குக்குப் போய்ப் பார்க்கச் சொல்லலாம் என்றேன். சர்வரை மறுபடியும் ஷட்டவுன் செய்துவிட்டு அவரை லைனில் எடுத்தோம். ஐம்பதை ஒட்டிய வயது, எலக்ட்ரிகல் பக்கத்திலிருந்து வந்தவர், எல்லோருக்கும் அண்ணன்.

"அண்ணே, சர்வர் ஆஃப் ஆயிடுச்சா?"

"முன்னாடி ஆஃப் ஆயிடுச்சு சார். பவர் பட்டன்ல ஆரஞ்சுதான் மினுக்குது."

"பின்னாடி?"

கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "பின்னாடி உங்க ஃபைபர் போற கார்டுல பச்சை லைட் எரிஞ்சிட்டே இருக்கு சார். நீங்க ஆஃப்னு சொல்றீங்க, இது ஆஃப் இல்லையே. ரெண்டு கார்டையும் உருவிடட்டுமா?"

கார்டு என்று அவர் சொன்னது பவர் கார்டை. ஒரு விநாடி யாரும் பேசவில்லை. அந்த ஃபைபர் போய்ச் சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் லாகின் செய்து பார்த்தேன். ஆஃப் ஆகிவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த சர்வரின் போர்ட், ஸ்விட்ச் பக்கத்திலும் 'அப்'.

"உருவிடுங்கண்ணே. ரெண்டு சப்ளையும். லைட் முழுசா அணைஞ்ச அப்புறம் கொஞ்சம் விட்டு மாட்டுங்க."

அவர் உருவினார், காத்திருந்தார், மாட்டினார். சர்வர் எழுந்தபோது டிரைவர் ஏறியது, இரண்டு போர்ட்டும் வந்தன, இரண்டையும் ஒரே இணைப்பாக்கும் எல்ஏசிபி கூடியது. கார்டின் விவரம் காட்டும் ஈத்டூல் கமாண்டில் ஃபர்ம்வேர் பதிப்பைப் பார்த்தால், நாங்கள் ஏற்ற முயன்ற அதே புதுப் பதிப்பு. கருவியைச் சரிபார்ப்பு மட்டும் செய்யும் மோடில் ஓட்டினோம். ஃபிளாஷில் இருப்பது இமேஜோடு பொருந்துகிறது, எழுத வேண்டியது எதுவும் இல்லை என்றது.

எழுதியிருப்பதும் ஓடிக்கொண்டிருப்பதும்

நடந்தது இதுதான். புது ஃபர்ம்வேர் ஃபிளாஷில் ஒழுங்காகவே போய் உட்கார்ந்திருந்தது. எழுதி முடித்த பிறகு கார்டைப் புதுக் குறியீட்டுக்கு மாற்றும் ரீசெட்டில்தான் கார்டுக்குள் இருக்கும் சின்னச் செயலி தடுக்கி விழுந்தது. விழுந்த நிலையிலேயே அது மின்சாரத்தோடு கிடந்தது. பாடகருக்கு முன்னால் இருந்த பாட்டு நோட்டை மாற்றி வைத்துவிட்டோம். அவரோ பழைய பாட்டின் நடுவில் அடி மறந்துபோய் அப்படியே நிற்கிறார். நோட்டைத் திரும்பத் திரும்ப மாற்றி வைப்பதால் அவர் பாடத் தொடங்கப்போவதில்லை.

ரீபூட் ஏன் உதவவில்லை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சர்வரை ரீபூட் செய்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் பக்கம் ரீசெட் ஆகும். அதனால்தான் எஃப்எஃப் போய்க் கார்டின் பெயர் திரும்ப வந்தது. ஆனால் பவர் சப்ளையில் பவர் கார்டு மாட்டியிருக்கும்வரை ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பிஎம்சி உயிரோடிருப்பது அதில்தான். தூங்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பும் வேக்-ஆன்-லேன் வேலை செய்வது அதில்தான். எங்களுடையது போல மதர்போர்டை ஒட்டி உட்காரும் ஓசிபி கார்டுகளில், பிஎம்சி தேவைப்பட்டால் அந்தக் கார்டின் வழியாகவே வெளியே பேசுவதற்கு என்சி-எஸ்ஐ என்று ஒரு பக்கவாட்டு இணைப்பும் இருக்கும். அதற்காகச் சர்வர் ஷட்டவுன் ஆன பிறகும் கார்டு லிங்க்கைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கும். ஷட்டவுன் என்பது சிபியுவுக்கு. நெட்வொர்க் கார்டுக்கு அது இன்னொரு சாதாரண ராத்திரி.

லினக்ஸ் உலகம் இந்த வேறுபாட்டை இப்போது வெளிப்படையாகவே காட்டத் தொடங்கிவிட்டது. 2019இல் வந்த 5.1 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) டெவ்லிங்க் கருவியால் ஒரு கார்டின் தகவலைக் கேட்டால், அதை ஆதரிக்கும் டிரைவர்கள் ஃபர்ம்வேர் பதிப்பை 'ரன்னிங்' என்றும் 'ஸ்டோர்டு' என்றும் தனித்தனியாகச் சொல்லும். ஃபிளாஷில் எது இருக்கிறது, சிப்பில் எது ஓடுகிறது என்று இரண்டு வரி. அடுத்து 2020இல் வந்த 5.10 கெர்னலில், எழுதிவைத்த ஃபர்ம்வேரை ரீபூட் இல்லாமலே உயிர்ப்பிக்கும்படி கேட்கவும் வழி செய்தார்கள். ஈத்டூல் காட்டுவது ஒரே ஒரு பதிப்பு வரியை. அந்த ஒற்றை வரியைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இப்படி இரண்டு வரி இருக்க முடியும் என்பதே தோன்றாது. அன்றைக்கு எங்கள் கார்டில் டெவ்லிங்க் ஆதரவு இருந்திருந்தால்கூட, உறைந்துபோன ஃபர்ம்வேரிடமிருந்து பதில் வாங்கியிருக்க முடியாது என்பது வேறு விஷயம். ஆனால் கேள்வி சரியாக இருந்திருக்கும். 'ஏன் எழுதப்படவில்லை' என்பதை விட்டுவிட்டு 'ஏன் ஓடவில்லை' என்று கேட்டிருப்போம்.

பொதுவான இமேஜை வலுக்கட்டாயமாக ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிறகு ஒரு நாள் இரண்டு இமேஜ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். சர்வர் கம்பெனியின் இமேஜில் இது யாருடைய கார்டு என்று சொல்லும் சப்சிஸ்டம் ஐடி வேறு, என்சி-எஸ்ஐ அமைப்புகள் வேறு, போர்ட் விளக்குகளின் அமைப்புகூட வேறு. கார்டு எழுந்திருக்கலாம், எழாமலும் போயிருக்கலாம். எழுந்திருந்தாலும் சர்வர் கம்பெனியின் பார்வையில் அது அவர்களுடைய கார்டாக இருந்திருக்காது. அடுத்த அப்கிரேடில் அவர்களுடைய கருவி அதைத் தீண்டியிருக்காது. நன்றாக இருந்த ஒரு கார்டை, அதைக் காப்பாற்றுவதாக நினைத்து, அநாதை ஆக்கியிருப்போம்.

ரிச்சி ஸ்ட்ரீட் பாடம்

ரேக்குக்கு ஆள் அனுப்பும் யோசனை எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்தான் நினைவுக்கு வருகிறது. படித்து முடித்த புதிதில் அங்கே மாடியில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் கொஞ்ச காலம் இருந்தேன். பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் ஃபர்ம்வேர்) அப்டேட் பாதியில் நின்று கறுப்புத் திரையோடு வரும் லேப்டாப்கள் அங்கே தினசரி வரும். கடைக்கார அண்ணன் அவற்றைக் கையாளும் விதம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலில் அடாப்டரைக் கழற்றுவார், பேட்டரியைக் கழற்றுவார், காசு மாதிரி இருக்கும் சிமாஸ் பேட்டரியையும் கழற்றுவார். போர்டில் எங்கும் மின்சாரம் இல்லை என்று ஆன பிறகுதான் கை வைப்பார். எட்டுக் கால் சிப்பைத் தேடி, அதன் மூலையில் இருக்கும் சின்னப் புள்ளியைப் பார்த்து, கிளிப்பின் சிவப்பு வயர் அந்தப் பக்கம் வரும்படி கவ்வவைப்பார். சிப்பைப் படித்து எழுதும் சிஎச்341ஏ ப்ரோகிராமர் கருவியை யுஎஸ்பியில் சொருகுவார். சிப்பின் எண்ணை வாசித்து, அது 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று பார்ப்பார். எல்லாம் தயாரான பிறகும் எழுத மாட்டார். "முதல்ல ரீட் எடு" என்பார். ரீட் எடுத்து ஒரு ஃபைலாகச் சேமிக்க வேண்டும். இன்னொரு முறை ரீட் எடுத்து வேறு பெயரில் சேமிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கம்பேர் கொடுக்க வேண்டும். ஒரு பைட் மாறினாலும் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று அர்த்தம். கழற்றி மாட்டி மறுபடி ரீட். இரண்டும் ஒன்றாக வந்து, வாடிக்கையாளர் பில் நம்பர் போட்ட ஃபோல்டரில் அந்த ஃபைல் போய்ச் சேர்ந்த பிறகுதான் எழுதும் பேச்சே.

ஏன் இவ்வளவு என்று கேட்டிருக்கிறேன். "கெட்டுப்போனதுன்னு வந்த சிப்புலயும் அந்த மெஷினோட சொத்து இருக்கும் தம்பி" என்றார். அது எவ்வளவு உண்மை என்பது பிறகுதான் புரிந்தது. அந்தச் சிப்பில் பயாஸ் குறியீடு மட்டும் இல்லை. லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸ் லைசென்ஸ் கீ, இன்டெல் நெட்வொர்க் கன்ட்ரோலர் உள்ள போர்டுகளில் அதற்கென ஒதுக்கிய பகுதியில், நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் மேக் முகவரி எல்லாம் அதே சிப்பில்தான். இணையத்தில் கிடைத்த ஃபைலை அப்படியே ஏற்றினால் லேப்டாப் ஓடும். ஆனால் வேறு யாருடைய லேப்டாப்பாகவோ ஓடும். 88:88:88:88:87:88 என்ற மேக் முகவரியோடு நெட்வொர்க்கில் ஏறும் மெஷின்களைப் பிற்காலத்தில் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அது இன்டெலின் வெற்று இமேஜில் இருக்கும் இயல்பான முகவரி. யாரோ ரீட் எடுக்காமல் எழுதியதன் தழும்பு அது. ஒரே அலுவலகத்தில் அப்படி இரண்டு மெஷின் வந்துவிட்டால், இரண்டும் மாறி மாறி நெட்வொர்க்கிலிருந்து விழும். காரணம் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

பெரிய பட்ஜெட், பெரிய சப்போர்ட் கான்ட்ராக்ட் எல்லாம் உள்ள டேட்டா சென்டர் வேலையில் இந்த ஒழுங்கை நான் பார்த்ததைவிட, அந்தச் சின்னக் கடையில் பார்த்தது அதிகம். அங்கே சிப் கெட்டால் கைக்காசு போகும். இங்கே ஆர்எம்ஏ இருக்கிறது.

2008இல் திறந்து கிடந்த கதவு

எழுதுவது பற்றிய என் பயம் மிகையானது என்று நண்பர்கள் சொல்லும்போது, நான் அவர்களுக்கு 2008ஆம் ஆண்டு செப்டம்பரை நினைவூட்டுவேன். லினக்ஸ் 2.6.27 கெர்னலின் சோதனைப் பதிப்புகள் ஓடிக்கொண்டிருந்த நேரம். ஓப்பன்சூசே, மாண்ட்ரீவா, உபுண்டு, ஃபெடோரா என்று பல டிஸ்ட்ரிப்யூஷன்களின் முன்னோட்டப் பதிப்புகளில் அது இருந்தது. அவற்றைப் போட்டவர்களில் சிலரின் இன்டெல் நெட்வொர்க் கன்ட்ரோலர்கள் திடீரென்று செத்துப்போயின. ஐசிஎச்8, ஐசிஎச்9 சிப்செட்களோடு வந்த, இ1000இ டிரைவரில் ஓடும் கன்ட்ரோலர்கள். யாரும் ஃபர்ம்வேர் அப்கிரேடு செய்யவில்லை. சாதாரணமாக பூட் செய்தார்கள், பயன்படுத்தினார்கள், அடுத்த முறை 'என்விஎம் செக்சம் சரியில்லை' என்று டிரைவர் கைவிரித்தது. என்விஎம் என்பது கன்ட்ரோலர் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ஃபிளாஷ் பகுதி, செக்சம் என்பது அது கெடவில்லை என்று சரிபார்க்கும் கூட்டுத்தொகை. அந்தப் பகுதியின் முதல் 64 சொற்களைக் கூட்டினால் பதினாறடிமான எண்ணில் பிஏபிஏ என்று வர வேண்டும். வரவில்லை என்றால் டிரைவர் கார்டைத் தொடாது.

எல்லோரும் முதலில் டிரைவரைச் சந்தேகித்தார்கள். பிறகு கிராஃபிக்ஸ் பக்கம் எக்ஸ் சர்வரைச் சந்தேகித்தார்கள். கடைசியில் அகப்பட்டது யாருமே எதிர்பார்க்காத ஒன்று: அந்தப் பதிப்பில்தான் கெர்னலுக்குள் வந்த ஃப்ட்ரேஸ் என்ற தடமறியும் வசதி. மாட்யூல் ஏறும்போது ஒருமுறை ஓடிவிட்டு விடுவிக்கப்படும் குறியீடுகளின் முகவரிகளையும் அது குறித்து வைத்திருந்தது. பிறகு நேரம் கிடைக்கும்போது அந்த இடங்களைத் திருத்தப் போனது. இதற்கிடையில் அதே முகவரி, கன்ட்ரோலரின் ஃபிளாஷை அணுகும் வாசலாக மாறியிருந்தால்? ஃப்ட்ரேஸ் கண்மூடித்தனமாக எழுதவில்லை, 'பழைய மதிப்பு இதுதானா என்று பார்த்துவிட்டு மாற்று' என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தியது. ஆனால் எக்ஸ்86 செயலியில் அந்தக் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும், படித்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண நினைவகத்தில் அதனால் ஒன்றும் ஆகாது. சாதனத்தின் ரெஜிஸ்டரில் எழுதினால் அது ஓர் உத்தரவு.

இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது காரணத்தைக் கண்டுபிடித்த விதத்தைவிட, அதற்கு முன்பே அவர்கள் செய்த காரியம். குற்றவாளி யார் என்று தெரியாத நிலையிலேயே இன்டெல் பொறியாளர்கள் இரண்டு வேலை செய்தார்கள். இந்தச் சிப் வைத்திருப்பவர்கள் இப்போதே ஈத்டூலால் என்விஎம்மைப் படித்து ஒரு ஃபைலில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்து, டிரைவர் ஏறும்போதே அந்தப் பகுதியை எழுத முடியாதபடி பூட்டிவிடும் ஒரு பேட்சைக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 9 அன்று 2.6.27 வெளிவந்தபோது அந்தப் பூட்டோடுதான் வந்தது. ஃப்ட்ரேஸின் அந்தப் பகுதியை முடக்கிய 2.6.27.1 அதற்குப் பிறகுதான். படித்துச் சேமி, எழுதும் வாசலை மூடு, பிறகு நிதானமாக யோசி. ரிச்சி ஸ்ட்ரீட் அண்ணன் செய்வதும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

ஆர்சிஏவில் எழுதாமல் விட்டது

எங்கள் அம்பத்தூர் சம்பவத்துக்கு வந்த ஆர்சிஏ, அதாவது மூல காரண அறிக்கை, மூன்றே வரி. ஃபர்ம்வேர் அப்கிரேடு தோல்வி, பவர் சைக்கிள் செய்யப்பட்டது, சரியாகிவிட்டது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அப்கிரேடு தோற்கவில்லை, ஆக்டிவேஷன்தான் தோற்றது. பவர் சைக்கிள் என்று போட்டால் அடுத்தவர் பிஎம்சியில் இருக்கும் 'பவர் சைக்கிள்' பட்டனைத்தான் அமுக்குவார், அதில் ஸ்டாண்ட்பை மின்சாரம் போகாது. மேலும் அந்த மூன்று வரியில், நாங்கள் ஒரு நல்ல கார்டின்மேல் தவறான இமேஜை எழுத எவ்வளவு பக்கத்தில் போனோம் என்பது இல்லை. பச்சை லைட்டைப் பார்த்துச் சொன்ன அண்ணன் இல்லவே இல்லை. அவரிடம் யாரும் கேட்காமலிருந்தால் அவராக வந்து சொல்ல அந்த அமைப்பில் வழியே கிடையாது.

மேனேஜரோடு இதைப் பற்றி நீண்ட நேரம் பேசினேன். அவர் பக்கத்து நியாயமும் எனக்குப் புரிந்தது. "ஏம்பா, ரெக்கவரி மோடுக்குப் போன கார்டுல மறுபடி எழுதித்தானே ஆகணும்? எழுதாதன்னு சட்டம் போட்டா அப்ப என்ன பண்ணுவே?" என்றார். சரிதான். சில கார்டுகள் தங்கள் ஃபர்ம்வேர் கெட்டிருப்பதைத் தாங்களே உணர்ந்து, ரெக்கவரி மோடில் எழுந்து, டிரைவர் லாக்கில் அதை வெளிப்படையாகச் சொல்லும். சில மெல்லனாக்ஸ் கார்டுகளில் இரண்டு பின்களைச் சேர்த்து ஜம்பர் போட்டால், ஃபிளாஷைப் பார்க்காமலே கார்டு எழுந்து, மறுபடி எழுதுவதற்காகக் காத்திருக்கும். அங்கே எழுதுவதுதான் வைத்தியம். ஆனால் அந்த நிலைகளில் எல்லாம் கார்டு தன் நிலைமையை நம்மிடம் சொல்லிவிட்டது, நாம் அதைக் கேட்டுவிட்டோம். எங்கள் கார்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லாத கார்டிடம் எழுதப் போனோம்.

அதன்பிறகு எந்த மாற்றத்துக்கும் முன் நாங்கள் நிரப்பும் சேஞ்ச் டிக்கெட்டின் வடிவத்தை மாற்றினேன். பெரிய மாற்றம் இல்லை. ஃபர்ம்வேர் அப்கிரேடு என்றால் எழுதும் முன் ஃபிளாஷின் பேக்கப் இருக்க வேண்டும். சில கருவிகளில் பேக்கப் என்பது நாமாகக் கேட்டால்தான் எடுக்கப்படும் என்பதால், அந்த ஆப்ஷனோடு சேர்த்தே கமாண்டை எழுதிவைத்தோம். தவறினால் அடுத்த எழுத்துக்கு முன் நிரப்ப வேண்டிய ஒரு பெட்டி இருக்கிறது: கெர்னல் லாக், எல்எஸ்பிசிஐ, ஸ்விட்ச் பக்க லிங்க் நிலை, ரேக்கில் கண்ணால் பார்த்த விளக்குகள். பவர் கார்டுகளை உருவி, விளக்கு அணைந்ததைப் பார்த்து, மாட்டிய பிறகும் இதே நிலைதானா என்பது கடைசி வரி. ஃபோர்ஸ் ஆப்ஷனுக்கு அந்தப் பெட்டி நிரம்பியிருக்க வேண்டும், இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும். இளைஞர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே புதிதாக வருபவர்களிடம் 'சுவிட்ச்ல லிங்க் பார்த்தியா' என்று கேட்கிறார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. மதுரைக் கிளை அலுவலகத்தில் ஒரு சின்ன அறையில் இரண்டு சர்வர் ஓடுகிறது. இதே ரகக் கார்டு, அதே பழைய ஃபர்ம்வேர், லாக்கில் அதே எச்சரிக்கை. இரவில் அங்கே ஆள் கிடையாது. காவலாளியிடம் கேபிளை உருவச் சொல்வது முறையும் அல்ல. அவுட்லெட் வாரியாக மின்சாரத்தைத் தூரத்திலிருந்தே துண்டிக்கக்கூடிய ஸ்விட்ச்டு பிடியு ஒன்று போட்டால் போதும். அதற்கான விலைப் பட்டியலோடு மூன்று காலாண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஃபர்ம்வேர் இலவசம்தானே, அதை ஏற்ற ஏன் இவ்வளவு செலவு என்று ஃபைனான்ஸ் கேட்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் பாதியை அவர்களுக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். பிடியு வரும்வரை அந்த இரண்டு சர்வரின் ஃபர்ம்வேரை நாங்கள் தொடப்போவதில்லை. எச்சரிக்கை லாக்கில் வந்துகொண்டிருக்கட்டும். லோடு ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம்.